வாக்ஸ் போடுவதற்கு முன் க்ளே பார்: கார் பெயின்டை முழுதாகச் சுத்தம் செய்ய ஒரு வழிகாட்டி

காரை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு, மெல்லிய பாலிதீன் பை ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு பானெட்டின் மேல் விரல்களை லேசாக ஓட்டிப் பாருங்கள். உப்புத்தாளைத் தடவியது மாதிரி சொரசொரவென்று தட்டுப்படும். ஒரு நிமிடம் முன்பு கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்த அதே பெயின்ட்தான். ஷாம்பூவுக்கும் தண்ணீருக்கும் அசையாமல் ஒட்டிக்கொண்ட துகள்கள்தான் விரலில் இடறுகின்றன. பை எதற்கு என்றால், தோலுக்கும் பெயின்டுக்கும் இடையிலுள்ள உராய்வை அது குறைத்துவிடும். வெறும் கையில் தெரியாத சிறு மேடுகூட அப்போது தெரியும்.

வாக்ஸ் என்பது பெயின்டைக் காக்கப் பூசும் மெழுகு. இந்தத் துகள்களின் மேலேயே வாக்ஸ் போட்டால் அது சீராகப் பரவாது, சரியாகப் பிடிக்காது, சீக்கிரம் போய்விடும். தூசி தட்டாத சுவரில் சுண்ணாம்பு அடித்த மாதிரிதான். வாக்ஸுக்கு முன்னால் துகள்களைப் பிடித்து இழுத்து எடுக்கும் வேலையைச் செய்வது க்ளே பார். பார்க்க, கையில் பிசையும் களிமண் போல இருக்கும்.

நண்பர்கள், உறவினர்கள் என்று பலருக்கு இந்த வேலையைப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன். தேய்ப்பதில் யாரும் பெரிதாகத் தடுமாறுவதில்லை. தேய்ப்பதற்கு முன் செய்ய வேண்டியவற்றை விட்டுவிட்டு நேராகக் க்ளேயைக் கையில் எடுப்பதில்தான் முக்கால்வாசிப் பேர் தவறுகிறார்கள். அதனால் வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. க்ளே எதை எடுக்கும், எதை எடுக்காது

ரயில் நிலையத்தை ஒட்டிய வண்டி நிறுத்தத்தில் தினமும் நிற்கும் வெள்ளைக் காரைக் கிட்டப் போய்ப் பாருங்கள். பானெட்டிலும் டிக்கியிலும் குண்டூசி முனை அளவுக்கு ஆரஞ்சு நிறப் புள்ளிகள் தெரியும். "வண்டி அதுக்குள்ள துருப்பிடிச்சிடுச்சே" என்று கவலைப்படுவார்கள். துருப்பிடித்திருப்பது காரின் தகடு அல்ல. சக்கரமும் தண்டவாளமும் உரசும்போது பறந்து வந்து பெயின்டில் குத்திக்கொண்ட இரும்புத் தூள், மழையிலும் பனியிலும் துருவேறியிருக்கிறது. வீட்டுப் பக்கத்தில் ஜன்னல் கிரில் செய்யும் பட்டறை இருந்தாலும் இதே கதைதான். கிரைண்டரிலிருந்து பறக்கும் பொறி அத்தனையும் இரும்பு. இவை எதுவும் இல்லாவிட்டாலும் உங்கள் காரின் பிரேக்கே இந்தத் தூளைக் கொடுக்கும்.

இவற்றோடு, பக்கத்து வீட்டு கேட்டுக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடித்தபோது காற்றில் வந்து படிந்த துளிகள், மரத்தடியில் நிறுத்தியபோது சொட்டிய பிசின், காய்ந்துபோன பூச்சிக் கறை, தார்ச் சிதறல் இதெல்லாம் க்ளேயால் எடுக்கக் கூடியவை. பெயின்டின் மேலே துருத்திக்கொண்டு நிற்பது எதுவோ அதைக் க்ளே எடுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெயின்டுக்குள்ளே இறங்கிவிட்டதை அது எடுக்காது. கீறல், துணி போட்டுத் துடைத்துத் துடைத்து வந்த சிலந்திவலைக் கோடுகள், பறவை எச்சம் அரித்த தழும்பு, நிறம் மங்கல் இவற்றுக்கு, பெயின்டின் மேல்பரப்பை மிக மெல்லியதாகத் தேய்த்தெடுக்கும் பாலிஷ்தான் வழி. போர் தண்ணீர் காய்ந்து விட்ட வெள்ளை வளையங்களும் க்ளேக்குப் பெரும்பாலும் அசையாது. வெள்ளை வினிகரில் அதே அளவு தண்ணீர் கலந்து, நனைத்த துணியை ஒரு நிமிடம் அந்த இடத்தில் வைத்திருந்து, உடனே நன்றாகக் கழுவினால் புதிய வளையங்கள் போகும். பழையவை போகாது.

2. க்ளே தொடக்கூடாத கார்கள்

மேட் பெயின்ட் அடித்த காரில் க்ளே வேண்டவே வேண்டாம். அங்கங்கே தேய்ந்து பளபளப்பு ஏறிவிடும். அதைத் திரும்பச் சரிசெய்ய வழியில்லை. செராமிக் கோட்டிங் போட்ட காரில் க்ளே அந்தக் கோட்டிங்கையும் சேர்த்துத் தேய்க்கும், அதனால் போட்டவர்களைக் கேட்காமல் கை வைக்காதீர்கள். ஸ்டிக்கர் ஒட்டிய இடங்களில் ஓரம் கிளம்பிவிடும்.

டிங்கரிங் செய்து புதிதாகப் பெயின்ட் அடித்த பாகம் இருந்தால் குறைந்தது ஒரு மாதமாவது விடுங்கள். பட்டறையில் அடிக்கும் பெயின்ட் தொட்டுப் பார்க்கக் காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளே முழுதாக இறுகியிருக்காது. அடித்தவரிடமே எத்தனை நாள் கழித்து வாக்ஸ் போடலாம் என்று கேட்டுக்கொண்டால் நல்லது.

3. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

க்ளே பார்: பெரும்பாலும் 100 கிராம் கட்டியாகவோ 50 கிராம் துண்டுகளாகவோ கிடைக்கும். மிருது, நடுத்தரம், கடினம் என்று வகைகள் உண்டு. முதல்முறை செய்பவர் மிருதுவான வகையைத் தவிர வேறெதையும் வாங்க வேண்டாம். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். ஒரு கம்பெனியின் நீலம் மிருதுவாக இருக்கும், இன்னொன்றின் நீலம் கடினமாக இருக்கும். டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள்.

லூப்ரிகன்ட்: க்ளே பெயின்டின் மேல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். அதற்கான ஸ்ப்ரே தனியாகக் கிடைக்கிறது. இல்லையென்றால் கார் ஷாம்பூவை, கழுவும்போது கலப்பதைவிடச் சற்றுத் தூக்கலாகத் தண்ணீரில் கலந்து ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றிக்கொள்ளலாம். சில ஷாம்பூக்களில் சிலவகைக் க்ளே கரைந்து பிசுபிசுக்கும். முதலில் ஒரு சின்ன இடத்தில் பார்த்துவிடுங்கள். வெறும் தண்ணீர் போதாது. பாத்திரம் கழுவும் லிக்விடும் வேண்டாம், அது எண்ணெய்ப் பசையை எடுப்பதற்கென்று செய்யப்பட்டது. லூப்ரிகன்ட் கலக்க வீட்டில் குடிக்கும் ஆர்ஓ தண்ணீர் நல்லது. ஒரு ஹேட்ச்பேக்குக்கு ஒரு லிட்டராவது தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

இதுபோக, கார் ஷாம்பூ, இரண்டு பக்கெட், கழுவும் மிட் (கையில் மாட்டிக்கொள்ளும் மென்மையான உறை), அயர்ன் ரிமூவர் (இரும்புத் தூளைக் கரைக்கும் மருந்து), தார் ரிமூவர், ரப்பர் கையுறை, குறைந்தது ஆறு சுத்தமான மைக்ரோஃபைபர் துணி, வாக்ஸ், அதைத் தடவ ஒரு ஃபோம் பேட். துணிகளில் கடை லேபிள் தைத்திருந்தால் இப்போதே கத்தரித்துவிடுங்கள். அந்தச் சின்ன நைலான் லேபிள் கறுப்புப் பெயின்டில் கோடு போடும்.

4. இடமும் நேரமும்

பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். வெயிலில் நின்ற காரில் லூப்ரிகன்ட் அடித்த வேகத்தில் காய்ந்துவிடும், க்ளேயும் இளகி மாவு மாதிரி ஒட்டும். நம் ஊர் வெயிலுக்குக் காலை ஆறு மணிக்கு ஆரம்பிப்பதே சரி. மூடிய கார் ஷெட்டோ அடுக்குமாடியின் தரைத்தளப் பார்க்கிங்கோ இருந்தால் எந்த நேரமும் செய்யலாம். மரத்தடி நிழலை நம்பாதீர்கள். வேலை பாதியில் இருக்கும்போது மேலிருந்து ஏதாவது விழும்.

முதல்முறை என்றால் கழுவுவதிலிருந்து வாக்ஸ் துடைப்பது வரை அரை நாளுக்கு மேல் ஆகும். ஒரே நாளில் முடிக்க முடியாது என்று தோன்றினால் பானெட்டையும் ரூஃபையும் மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த இரண்டுக்கும் வாக்ஸ் வரை முடித்துவிடுங்கள். முழுக் காருக்கும் க்ளே போட்டுவிட்டு வாக்ஸை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போடாதீர்கள். க்ளே, பெயின்டின் மேலிருந்த பழைய வாக்ஸையும் கூடவே எடுத்திருக்கும். அந்த நிலையில் பறவை எச்சம் விழுந்தால் ஒரே நாள் வெயிலில் தழும்பு விட்டுவிடும்.

5. கழுவுதல்

இங்கே மண் ஒரு துளி மிஞ்சினாலும் அது பிறகு க்ளேயில் ஒட்டிக்கொண்டு பெயின்டைக் கீறும். அதனால்தான் "நேத்துதான் வாட்டர் சர்வீஸ் விட்டேன்" என்று சொன்னாலும் திரும்பக் கழுவச் சொல்கிறேன். ஒரு இரவில் படியும் தூசே போதும்.

முதலில் வெறும் தண்ணீரை மேலிருந்து கீழாக அடித்து மண்ணை வழியவிடுங்கள். பிறகு ஒரு பக்கெட்டில் ஷாம்பூ தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். மிட்டை ஷாம்பூவில் நனைத்து ஒரு பாகம் கழுவியதும், வெறும் தண்ணீரில் அலசிப் பிழிந்துவிட்டு மறுபடி ஷாம்பூவில் நனையுங்கள். ஒரே பக்கெட்டில் செய்தால் எடுத்த மண்ணையே திரும்பக் காரில் பூசுகிறோம். ரூஃப், கண்ணாடி, பானெட், டிக்கி, கதவுகள், கடைசியில் கதவின் அடிப்பகுதியும் பம்பரும். சக்கரத்துக்குத் தனித் துணி.

ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரைச் சேர்த்து வைத்துக் கார் கழுவுபவர்கள் நிறையப் பேர். தண்ணீரை வீணாக்காத நல்ல எண்ணம்தான். ஆனால் நல்ல தண்ணீரிலிருந்து பிரிந்த உப்பெல்லாம் அந்தக் கழிவில்தான் இருக்கிறது. முதல் தடவை மண்ணை அடித்துவிட அதைப் பயன்படுத்துங்கள், கடைசி அலசலுக்கு மட்டும் வேண்டாம். போர் தண்ணீர் மட்டும்தான் கிடைக்கும் என்றால் காயவிடாமல் உடனுக்குடன் துடைத்துக்கொண்டே போங்கள்.

6. முதலில் மருந்து, அப்புறம் க்ளே

இந்தப் படியைத்தான் அதிகம் பேர் தாண்டிப் போகிறார்கள். க்ளேயே எல்லாவற்றையும் எடுக்கும்போது மருந்து எதற்கு என்று கேட்பார்கள். எடுக்கும், சரி. ஆனால் இரும்புத் துகளை எடுத்த க்ளே அதைத் தன் முகத்திலேயே வைத்துக்கொண்டு அடுத்த இடத்தில் தேய்க்கிறது. முடிந்தவரை இரும்பை மருந்தாலேயே கரைத்துவிட்டால் க்ளேக்கு மிஞ்சும் வேலை குறையும், கீறலும் குறையும்.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள், காற்றோட்டமான இடமாக இருக்கட்டும். பெயின்ட் குளிர்ந்திருக்கும்போது ஒரு பக்கம் முழுக்க அயர்ன் ரிமூவரை அடியுங்கள். அழுகிய முட்டை மாதிரி ஒரு நாற்றம் வரும், அது இயல்பு. இரும்பு இருக்கும் இடமெல்லாம் கத்தரிப்பூ நிறத்தில் கோடு கோடாக வழியும். வெள்ளைக் காரில் முதல்முறை இதைப் பார்ப்பவர்கள் பெயின்ட் கரைகிறது என்று பதறுவார்கள். கரைவது பெயின்ட் அல்ல. மருந்து இரும்போடு சேர்ந்ததால் வந்த நிறம் அது.

பாட்டிலில் எத்தனை நிமிடம் போட்டிருக்கிறதோ அவ்வளவுதான், காயவிடவே கூடாது. காய்வது போல் தெரிந்தால் நேரம் ஆகாவிட்டாலும் கழுவிவிடுங்கள். கறுப்புக் காரில் நிறம் மாறுவது தெரியாது, அதனால் கடிகாரத்தைப் பார்த்துச் செய்யுங்கள்.

அடுத்தது தார். சக்கரத்துக்குப் பின்னால், கதவின் கீழ்ப்பாகத்தில் கறுப்புப் புள்ளிகள் இருக்கும். தார் ரிமூவரைத் துணியில் நனைத்து அந்தப் புள்ளியின் மேல் அரை நிமிடம் வைத்திருந்தால் இளகிவிடும், அப்புறம் லேசாகத் துடைத்தாலே வந்துவிடும். தேய்க்க வேண்டியதே இல்லை. இரண்டும் முடிந்ததும் மறுபடி ஷாம்பூ போட்டுக் கழுவுங்கள், மருந்து எங்கேயும் தங்கக்கூடாது.

இப்போது பாலிதீன் பையை மாட்டிக்கொண்டு ஒரு சுற்று தடவிப் பாருங்கள். கதவுகளின் மேல்பாதி பெரும்பாலும் வழுவழுவென்று ஆகியிருக்கும். அங்கே க்ளே வேண்டாம். தேவையில்லாத இடத்தில் தேய்ப்பதால் வருவது கீறல் மட்டும்தான். சொரசொரப்பு இருக்கும் பாகங்களை மட்டும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

7. க்ளேயைத் தயார் செய்தல்

முழுக் கட்டியை எடுக்காதீர்கள். 100 கிராம் கட்டியை மூன்று நான்கு துண்டாக வெட்டி, ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை மூடி வையுங்கள். எடுத்த துண்டைச் சப்பாத்தி மாவு மாதிரி கையில் பிசைந்து இளக்கி, வடை தட்டுவது போல் தட்டையாக்குங்கள். மூன்று விரல் சேர்ந்து உட்காரும் அகலம் போதும். கொடைக்கானல், ஊட்டி மாதிரி குளிர்ந்த இடத்தில் கட்டி இறுகியிருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் சில நிமிடம் போட்டு எடுங்கள்.

8. தேய்க்கும் முறை

இரண்டடிக்கு இரண்டடி அளவு இடம் எடுத்துக்கொள்ளுங்கள். லூப்ரிகன்டைத் தாராளமாக அடியுங்கள், க்ளேயின் முகத்திலும் இரண்டு முறை அடியுங்கள். பெயின்டின் மேல் ஈரம் படலமாக நிற்க வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துளி தெரிந்தால் போதாது.

க்ளேயை விரல்களின் தட்டையான பகுதியால் பிடியுங்கள், நுனியால் அல்ல. நுனியால் பிடித்தால் அழுத்தம் மூன்று புள்ளிகளில் இறங்கும். கையின் கனம் எவ்வளவோ அதுதான் அழுத்தம், அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். நீளவாட்டில் ஒரு அடி தூரம் நேர்கோடாகப் போய் வாருங்கள், பிறகு குறுக்குவாட்டில். வட்டமாகச் சுற்றாதீர்கள். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் ஒன்றிரண்டு மெல்லிய கோடு விழ வாய்ப்புண்டு. நேர்கோடு ஒரு கோணத்தில் பார்த்தால்தான் தெரியும்; வட்டக் கோடு எங்கிருந்து பார்த்தாலும் வெயிலில் மின்னும்.

இனிமேல் கண்ணைவிடக் காதையும் விரலையும் நம்புங்கள். முதல் நாலைந்து இழுப்பில் "சர்... சர்..." என்று மெல்லிய சத்தம் வரும், க்ளே எதையோ உரசுவது விரலுக்குத் தெரியும். எட்டு, பத்து இழுப்பில் சத்தம் தேயும். ஒரு கட்டத்தில் சத்தமே இல்லாமல், ஈரக் கண்ணாடி மேல் சோப்பு வழுக்குவது போல் க்ளே ஓடும். அங்கே நிறுத்துங்கள். சத்தம் நின்ற பிறகும் "இன்னும் கொஞ்சம்" என்று தேய்ப்பவர்கள் உண்டு. அதனால் ஒரு நன்மையும் இல்லை.

இழுவை இரண்டு வகை. புதியவர்கள் இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் குழம்புகிறார்கள். சத்தத்தோடு உரசினால் அது அழுக்கு, தொடரலாம். சத்தமில்லாமல் க்ளே சப்பென்று பிடித்துக்கொண்டு நின்றால் லூப்ரிகன்ட் தீர்ந்துவிட்டது. அப்போது இழுக்காதீர்கள். மறுபடி ஸ்ப்ரே அடித்து இளக்கிவிட்டுத் தொடருங்கள். காய்ந்த இடத்தில் இழுத்ததால் பெயின்டில் க்ளே தீற்றலாக ஒட்டிவிட்டால் நகத்தால் சுரண்ட வேண்டாம். அதன் மேல் லூப்ரிகன்ட் அடித்து ஒரு நிமிடம் விட்டு, மைக்ரோஃபைபரால் துடைத்தால் வந்துவிடும்.

ஒரு புள்ளி மட்டும் பிடிவாதமாக நிற்கும். எல்லோருக்கும் அங்கே கை அழுத்தப் பார்க்கும். வேண்டாம். பெயின்டின் மேலுள்ள க்ளியர் கோட் என்ற நிறமற்ற மேல்பூச்சு பொதுவாக 40 முதல் 50 மைக்ரான் கனம்தான், ஒரு தலைமுடியைவிட மெல்லியது. அந்தப் புள்ளிக்கு மட்டும் அயர்ன் ரிமூவரோ தார் ரிமூவரோ இன்னொரு முறை வைத்துக் கழுவிவிட்டுத் திரும்ப முயலுங்கள். அப்போதும் போகாவிட்டால் பாலிஷுக்கு விட்டுவிடுங்கள்.

ஒவ்வொரு இடம் முடிந்ததும் ஈரத்தைத் துடைத்துப் பையை மாட்டிக்கொண்டு தடவுங்கள். முடித்த இடத்துக்கும் தொடாத இடத்துக்கும் நடுவில் விரல் போகும்போது எல்லைக்கோடு போட்ட மாதிரி தெரியும். அதை ஒருமுறை உணர்ந்துவிட்டால் அப்புறம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

9. மடித்துப் பிசைதல்

ஒரு இடம் முடிந்ததும் க்ளேயைத் திருப்பி அதன் முகத்தைப் பாருங்கள். பழுப்பாக, சில இடத்தில் கறுப்புப் பொட்டாக அழுக்கு ஏறியிருக்கும். அழுக்கு உள்ளே போகும்படி மடித்து, பிசைந்து, புதிய முகத்தை வெளியே கொண்டுவந்து மறுபடி தட்டையாக்குங்கள். பானெட்டுக்கு மட்டுமே நாலைந்து முறை மடிக்க வேண்டியிருக்கும். கட்டி முழுவதும் ஒரே பழுப்பாகி, மடித்தாலும் சுத்தமான முகம் வரவில்லை என்றால் அந்தத் துண்டின் ஆயுள் முடிந்தது. அடுத்த துண்டை எடுங்கள்.

10. எந்தப் பாகம் முதலில்

ரூஃப், பானெட், டிக்கி, கதவுகளின் மேல்பாதி, பிறகு கீழ்ப்பாதி, பம்பர். அழுக்கு குறைந்த இடத்திலிருந்து நிறைந்த இடத்துக்குப் போக வேண்டும். கதவின் அடியில் எடுத்த மணலோடு பானெட்டுக்கு வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கண்ணாடிக்கும் க்ளே போடலாம். முன்கண்ணாடியில் வைப்பர் கிறீச்சிட்டுத் துள்ளினால் அங்கே படிந்திருக்கும் அழுக்கு காரணமாக இருக்கலாம், க்ளே போட்டால் அது போய்விடும். ஆனால் கண்ணாடிக்கும் சக்கரத்துக்கும் எடுத்த துண்டு திரும்பப் பெயின்டுக்கு வரக்கூடாது. பழைய துண்டை அதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள். பெயின்ட் அடிக்காத கறுப்பு பிளாஸ்டிக் பாகங்களுக்குக் க்ளே வேண்டாம், சொரசொரப்பே அதன் இயல்பு.

11. கீழே விழுந்த க்ளே

தரையில் விழுந்தால் குப்பைத் தொட்டி. இதில் பேச்சுக்கே இடமில்லை.

என் மனைவியின் தம்பி தன் கறுப்புக் காருக்குச் செய்துகொண்டிருந்தான். பானெட் அழகாக முடிந்திருந்தது. கதவுக்கு வரும்போது ஈரக் கையிலிருந்து க்ளே நழுவிச் சிமென்ட் தரையில் விழுந்தது. எடுத்தான், பார்த்தான், தண்ணீரில் அலசினான். "சுத்தமாத்தான் இருக்கு மாமா" என்று சொல்லிவிட்டு, நான் எழுந்து வருவதற்குள் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டான். துடைத்துப் பார்த்தால் முன்கதவில் ஒரு சாண் நீளத்துக்கு நான்கு கோடுகள், சீப்பால் கோதியது போல. க்ளேக்குள் புதைந்த மணல் அலசினால் வெளியே வராது, அது ஒட்டிப் பிடிக்கவே செய்யப்பட்ட பொருள். அந்த நான்கு கோடுகளைப் பாலிஷ் போட்டு மங்கவைக்க இரண்டு மணி நேரம் ஆனது. அதில் ஒன்று இன்றைக்கும் சாய்ந்த வெயிலில் தெரிகிறது.

கட்டியைத் துண்டாக வெட்டச் சொன்னதன் காரணமும் இதுதான். விழுந்தால் கால் பங்குதான் போகும். கை நழுவுவதற்குப் பயப்படுபவர்கள் க்ளே மிட் என்று ஒன்று கிடைக்கிறது, அதை வாங்கலாம். ரப்பர் போன்ற பரப்பு என்பதால் விழுந்தாலும் நன்றாகக் கழுவித் திரும்பப் பயன்படுத்த முடியும். வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் கறுப்பு, கருநீலக் கார்களில் அது மிருதுவான க்ளேயைவிடக் கொஞ்சம் அதிகமாகக் கோடு விடுவதைப் பார்த்திருக்கிறேன்.

12. கழுவித் துடைத்து, வெளிச்சத்தில் பார்த்தல்

காரை மறுபடி ஒருமுறை ஷாம்பூ போட்டுக் கழுவுங்கள். லூப்ரிகன்ட் படலம் மிஞ்சினால் அதன் மேல் வாக்ஸ் பிடிக்காது. கழுவும்போதே ஒரு மாற்றம் தெரியும்: முன்பு முத்து முத்தாக உருண்ட தண்ணீர் இப்போது தகடாகப் பரவி நிற்கும். பழைய வாக்ஸ் போய்விட்டதற்கு அதுதான் அடையாளம், பயப்பட வேண்டாம்.

துடைத்த பிறகு கதவுகளையும் டிக்கியையும் திறந்து ஓரங்களைத் துடையுங்கள். பக்கக் கண்ணாடியின் கூட்டுக்குள்ளும் கைப்பிடியின் அடியிலும் தண்ணீர் ஒளிந்திருக்கும். வாக்ஸ் போட்டுக்கொண்டிருக்கும்போது அது வழிந்து வந்தால் அந்தப் பாகத்தைத் திரும்பச் செய்ய நேரும்.

அப்புறம் போன் டார்ச்சைப் பெயின்டுக்குச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். வெள்ளை, சில்வர் கார்களில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது, நேராக வாக்ஸுக்குப் போகலாம். கறுப்பு, சிவப்பு, கருநீலம் என்றால் மெல்லிய மங்கல் தெரிய வாய்ப்புண்டு. அதற்கு மிக மென்மையான ஃபினிஷிங் பாலிஷை ஒரு சின்ன இடத்தில் கையால் போட்டுப் பார்த்து, போனால் தொடருங்கள். வாக்ஸ் அதை மறைக்கும் என்று விட்டுவிட்டால் இரண்டு மாதத்தில் வாக்ஸ் தேய்ந்ததும் அப்படியே திரும்பி வரும்.

13. வாக்ஸ்

ஃபோம் பேடில் ஒரு ரூபாய் நாணயம் அளவு வாக்ஸ் எடுத்து, பாதி பானெட்டுக்குப் பரப்புங்கள். பெயின்டின் மேல் பனி படர்ந்தது மாதிரி லேசாகத் தெரிந்தால் போதும். கனமாகப் பூசினால் பளபளப்பு ஒன்றும் அதிகமாகிவிடாது. துடைக்கும்போது கை வலிக்கும், தீற்றல் நிற்கும். இத்தனை வேலையும் ஒழுங்காகச் செய்துவிட்டு இந்த இடத்தில் தாராளம் காட்டுபவர்கள் நிறைய. க்ளே போட்ட பெயின்ட் வழவழப்பாக இருப்பதால் முன்பைவிடக் குறைவான வாக்ஸே போதும் என்பதை இங்கே கண்கூடாகப் பார்க்கலாம்.

எப்போது துடைப்பது என்று தெரியாவிட்டால் வாக்ஸின் மேல் விரலை ஒருமுறை இழுங்கள். விரல் போன தடம் சுத்தமாகப் பளிச்சென்று இருந்தால் துடைக்கலாம். தீற்றலாக இருந்தால் இன்னும் சில நிமிடம். துடைக்கப் புதிய மைக்ரோஃபைபர் துணி எடுங்கள், ஒரு பக்கம் நிறைந்ததும் மடித்து மறுபக்கம். கறுப்பு பிளாஸ்டிக் ஓரங்களில் வாக்ஸ் பட்டால் வெள்ளையாகக் காய்ந்து நிற்கும், அதனால் அந்த ஓரங்களில் முன்கூட்டியே மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுவது நல்லது.

14. மிச்சமான க்ளேயும் அடுத்த முறையும்

சுத்தமாக இருக்கும் துண்டுகளுக்கு லூப்ரிகன்டை இரண்டு முறை அடித்து, காற்றுப் புகாத சின்ன டப்பாவில் போட்டு மூடுங்கள். காய்ந்தால் க்ளே வெடித்து உதிரும். காரின் டேஷ்போர்டிலோ டிக்கியிலோ வைத்துவிட்டால் ஒரு வாரக் கோடையில் உருகி டப்பாவோடு ஒட்டிவிடும், வீட்டுக்குள் அலமாரியில் வையுங்கள். டப்பாவின் மேல் "பெயின்ட்" என்றும், பழைய துண்டு இருக்கும் டப்பாவில் "கண்ணாடி" என்றும் எழுதி ஒட்டிவிட்டால் ஆறு மாதம் கழித்து எடுக்கும்போது குழப்பம் வராது.

மூடிய இடத்தில் நிற்கும் காருக்கு வருடம் ஒருமுறை போதும். ரயில் பாதை ஓரமோ பட்டறைப் பக்கமோ நிற்கும் காருக்கு இரண்டு முறை தேவைப்படலாம். நாள் கணக்கு வைத்துச் செய்யாதீர்கள். கழுவித் துடைத்ததும் பாலிதீன் பையோடு பானெட்டைத் தடவிப் பாருங்கள். விரலில் ஒன்றும் இடறாவிட்டால் வாக்ஸ் மட்டும் போட்டுவிட்டு க்ளே டப்பாவைத் திறக்காமலே திரும்ப அலமாரியில் வைத்துவிடுங்கள்.